பெட்டிக்குத் தூக்கம் தெரியாது

"நாளைக்குத் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிச்சிட்டு வாங்கம்மா. எண்ணெய் மட்டும் வேண்டாம்."

ஸ்லீப் ஸ்டடிக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் போன் செய்து இதைச் சொல்வதிலிருந்துதான் என் வேலை தொடங்குகிறது. அப்படியும் சிலர் வழிய வழியத் தேங்காய் எண்ணெய் தடவி, இறுக்கிப் பின்னி, ஒரு முழம் மல்லிகையும் வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். ஆஸ்பத்திரிக்குத் தலைவிரி கோலமாகவா போவது என்று மாமியார் சொல்லிவிட்டாராம். எண்ணெய்த் தலையில் எலக்ட்ரோடு ஒட்டாது. மூக்கு நெற்றியோடு சேரும் பள்ளத்திலிருந்து பிடரி எலும்பு வரை டேப் வைத்து அளந்து, பென்சிலால் குறித்து, வகிடு வகிடாகப் பிரித்து ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, சொரசொரப்பான ஜெல் தேய்த்து, பேஸ்ட் வைத்து, மேலே ஒரு துண்டு காஸ் துணியை அழுத்த வேண்டும். ஒரு ஆளைத் தயார் செய்ய முக்கால் மணி நேரம் ஆகும். எண்ணெய்த் தலை என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

தலையில் மூளை அலைக்கு, கண்ணோரத்தில் கண் அசைவுக்கு, தாடையில் தசை இறுக்கத்துக்கு, கணைக்காலில் கால் உதறலுக்கு, நெஞ்சில் ஈசிஜிக்கு என்று எல்லாம் சேர்த்து இருபது ஒயருக்கு மேல் வந்துவிடும். மூக்குக்குக் கீழே ஒரு குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட், விரலில் ஆக்ஸிஜன் கிளிப், தொண்டையில் மைக், மேலே கேமரா. இத்தனையும் மாட்டிவிட்டு "இப்ப நிம்மதியாத் தூங்குங்க" என்று சொல்லும்போது எனக்கே சிரிப்பு வரும்.

இரவு வேலை எனக்குப் புதிதல்ல. அப்பா எங்கள் புதுச்சேரி ரோடியர் மில்லில் மூன்றாம் ஷிப்ட் பார்த்தவர். 1898இல் தொடங்கிய மில். வாசல் பலகையில் ஏஎஃப்டி என்று மாற்றி எழுதியும் முதலியார்பேட்டையில் பழைய பெயர்தான் நின்றது. பகலில் அப்பா தூங்கும்போது வீட்டில் பாத்திரம் விழக்கூடாது. அந்த மில்லை 2020இல் மூடிவிட்டார்கள். வீட்டில் மூன்றாம் ஷிப்ட் என்னிடம் மட்டும் மிஞ்சியது.

வலிப்புக்காரர்களுக்கு இஇஜி எடுக்கும் டெக்னீஷியனாகத்தான் நான் சேர்ந்தேன். ஸ்லீப் லேப் தொடங்கியபோது தலையில் எலக்ட்ரோடு வைக்கத் தெரிந்த ஆள் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். அப்போது படித்தது 1968ஆம் வருஷத்து ரெக்ட்ஷாஃபன் – கேல்ஸ் விதிகள். ஆழ்ந்த தூக்கத்தில் மூன்றாம் நிலை, நான்காம் நிலை என்று இரண்டு உண்டு. எது எது என்று அலைக்கு அலை எண்ணிப் பார்ப்போம். அது கைக்கு வந்த நேரத்தில், 2007இல், அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி புது விதிப்புத்தகம் போட்டு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. நான்காம் நிலைக்காக நான் கெடுத்துக்கொண்ட கண்ணை யாரும் திருப்பித் தரவில்லை.

விளக்கை அணைக்கும் முன் பக்கத்து அறையிலிருந்து மைக்கில் பேசுவோம். கண்ணை மூடுங்க, திறங்க, தலையைத் திருப்பாம இடப்பக்கம் பாருங்க, வலப்பக்கம் பாருங்க, பல்லைக் கடிங்க, மூச்சைப் பிடிங்க, கால் விரலை மடக்குங்க. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய கோடு திரையில் துள்ள வேண்டும். பிறகு இருட்டு. 30 விநாடிக்கு ஒரு பக்கம். எட்டு மணி நேரத்துக்கு 960 பக்கம். மறுநாள் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்து இது விழிப்பு, இது மேலோட்டத் தூக்கம், இது கனவுத் தூக்கம் என்று குறிப்பது என் வேலை.

மூச்சடைப்பு திரையில் எப்படி வரும் என்றால், மூக்குக் காற்றின் கோடு தட்டையாகிவிடும். ஆனால் நெஞ்சும் வயிறும் நின்றுவிடாது. நெஞ்சு உள்ளே போகும்போது வயிறு வெளியே வரும், ஏற்றப் பலகையில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்த மாதிரி. தொண்டைத் தசை தளர்ந்து வழி அடைத்துக்கொண்டது, உடம்பு மூடிய கதவைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 10 விநாடி தாண்டினால் அது ஒரு கணக்கு. விரலில் ஆக்ஸிஜன் இறங்குவது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும். திடீரென்று மூளை அலை ஒரு குலுக்குக் குலுக்கும், மைக்கில் 'கர்ர்' என்று ஒரு சத்தம், மூச்சு திரும்பும். தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு இப்படி 5 முதல் 15 வரை என்றால் லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. முழுசாக அடைக்காமல் காற்று குறைந்துபோகும் அரைகுறை மூச்சும் இதில் சேரும். அதற்கு ஆக்ஸிஜன் 3 சதவீதம் இறங்கினால் போதுமா, 4 இறங்க வேண்டுமா என்பதில் இன்னும் சண்டை உண்டு. எந்த விதியைப் போடுகிறோமோ அதற்கேற்ப ஒரே ராத்திரிக்கு இரண்டு எண் வரும். ரிப்போர்ட்டில் எந்த விதி என்று எழுதாத லேபை நான் நம்புவதில்லை.

ஒரு சமயம் ஒரு சொல்தா தாத்தா வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் என்னை "மதாம்" என்றுதான் கூப்பிடுவார். பாரிஸ் பக்கம் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது அங்கே பரிசோதனை செய்து, ராத்திரி மூக்கில் மாட்டிக்கொள்ளும் சிபாப் மெஷினையும் கொண்டுவந்திருந்தார். மெஷின் ஓடும், மாஸ்க்தான் ஒழுகுகிறது என்று காட்ட வந்தார். கையில் பிரெஞ்சு ரிப்போர்ட். மணிக்கு எத்தனை அடைப்பு என்ற எண்ணை நாங்கள் ஏஹெச்ஐ என்போம்; அவர்கள் எழுத்தை மாற்றிப் போட்டு ஈ-ஆ-ஆஷ் என்கிறார்கள்.

"எந்த ஆஸ்பத்திரியில படுத்தீங்க?" என்று கேட்டேன்.

"படுக்கறதா? ஒரு பெட்டி குடுத்தாங்க மதாம். மெத்ரோவுல எடுத்துட்டுப் போயி வீட்ல கட்டிக்கிட்டுத் தூங்கினேன். காலையில திருப்பிக் குடுத்துட்டேன்."

வீட்டுப் பரிசோதனை பற்றிப் படித்திருந்தேன்; செய்துகொண்ட ஆளை அன்றுதான் பார்த்தேன். இளவயதில் கப்பலேறிப் போய் இறங்கியது பிரான்ஸின் மர்செய் துறைமுகத்தில் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அதே மர்செய் நகரில்தான் 1965இல் ஆன்ரி கஸ்தோவும் அவர் குழுவினரும் பகலெல்லாம் தூங்கி வழியும் பருத்த ஆட்களுக்கு மூளை அலையையும் மூச்சையும் ஒன்றாகப் பதிந்து, தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று போவதைக் கண்டார்கள். அதே வருஷம் ஜெர்மனியில் யுங், கூலோ இருவரும் கண்டார்கள். இதற்கு ஒரு நோயின் பெயரை 1976இல் நிலைக்க வைத்ததும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான்: அமெரிக்கா போய் ஸ்டான்ஃபோர்டில் வேலை பார்த்த கிறிஸ்தியன் கியமினோ. கழுத்தில் துளை போடுவதைத் தவிர வேறு வழியில்லாமல் இருந்த நோய்க்கு, காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கலாம் என்று 1981இல் சிட்னியில் காலின் சலிவன் காட்டினார். இதையெல்லாம் தாத்தாவிடம் சொன்னேன். "மர்செய்ல எனக்குக் குளிருதான் ஞாபகம்" என்றார். மாஸ்க்கின் பட்டையைச் சரிசெய்து, பிரெஞ்சு பிளக்குக்கு ஒரு அடாப்டர் வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.

எங்களுக்கும் பெட்டி வந்தது. சோப்பு டப்பா அளவு. மூக்குக் குழாய், பெல்ட், விரல் கிளிப், அவ்வளவுதான். கோவிட் காலத்தில் யாரும் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கத் தயாராக இல்லை. எங்கள் படுக்கை காலியாகவே கிடந்தது. அப்போது அலமாரியிலிருந்து எடுத்த பெட்டி அதற்குப் பிறகு அலமாரிக்குத் திரும்பவே இல்லை. 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹரி இறந்ததற்குத் தூக்க மூச்சடைப்பைக் காரணமாகப் பத்திரிகைகள் எழுதின. ஒரு வாரம் போன் ஓயவில்லை. அடுத்த வருஷம் குறட்டைக்காரனை நாயகனாக வைத்து 'குட் நைட்' படம் வந்தது. அதுவரை பெண்டாட்டி இழுத்து வந்த ஆண்கள், அதற்குப் பிறகு தாங்களே சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு சினிமா செய்ததை எங்கள் நோட்டீஸ் எதுவும் செய்ததில்லை.

பெட்டி மேல் எனக்கு முதலில் நல்ல அபிப்பிராயம் இல்லை. தொழில் போய்விடும் என்ற பயமும் அதில் கலந்திருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். அதை மாற்றியவர் வைத்திக்குப்பத்து மீனவர் ஒருவர். ஐம்பது வயது, குட்டைக் கழுத்து, படகில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார் என்று மகன் கூட்டி வந்தான். லேபில் படுக்க வைத்தோம். எங்கள் அறையில் ஏசி உண்டு, ஜன்னல் கிடையாது. பத்தரைக்கு விளக்கை அணைத்தேன். மனிதர் மேலே பார்த்துக்கொண்டே கிடந்தார். ஒன்றரைக்குக் கண் மூடியது. மூன்றுக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்னண்ணே?"

"கடலுக்குப் போற நேரம்மா. உடம்பு தானா எழுந்துக்குது."

நாங்கள் விளக்கணைக்கும் நேரம் அவருக்கு நடுச்சாமம். எட்டு மணிக்கே படுக்கிறவர். அதுவும் மொட்டை மாடியில், காற்றில், ஒருக்களித்து. இங்கே ஒயர் இழுக்குமே என்று ராத்திரி முழுக்க மல்லாந்து கிடந்தார். மல்லாந்தால் நாக்கு பின்னால் சரிந்து அடைப்பு கூடும் என்பது தெரிந்ததுதான். ஆக நான் அளந்தது அவர் தூக்கமே அல்ல. புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் கெடும் என்பதை 1966லேயே எழுதிவைத்துவிட்டார்கள். அதற்கு நாங்கள் வைத்திருந்த மருந்து, "இன்னொரு நாள் வாங்க" என்பதுதான். இன்னொரு நாள் என்றால் அவருக்கு இன்னொரு நாள் தொழில் போச்சு.

பெட்டியை மகனிடம் கொடுத்தேன். பெல்ட்டில் அம்புக்குறி மேலே பார்க்க வேண்டும், மூக்குக் குழாயைக் கன்னத்தில் பிளாஸ்டர் போட்டு ஒட்டு, பச்சை விளக்கு எரிகிறதா பார். மறுநாள் மீன் வாசனையோடு பெட்டி திரும்பி வந்தது. ஆறு மணி நேரம் சுத்தமான பதிவு. ஒருக்களித்தே தூங்கியும் மணிக்கு 46. இவருக்கு மூளை அலை எதற்கு? வேறு இதய நோய், நுரையீரல் நோய், பக்கவாதம் எதுவும் இல்லாமல், பார்த்தாலே இதுதான் என்று சந்தேகப்பட வேண்டிய ஆளுக்கு வீட்டுப் பெட்டி போதும். அமெரிக்க வழிகாட்டியும் நம் நாட்டு மருத்துவர்கள் 2014இல் கூடி வகுத்ததும் இதைத்தான் சொல்கின்றன. அன்றிலிருந்து டிரைவர்கள், ஷிப்ட் வேலைக்காரர்கள், படுக்கை மாறினால் தூக்கம் வராதவர்கள் என்றால் நானே டாக்டரிடம் பெட்டியைப் பரிந்துரைப்பேன்.

பெட்டிக்கு வேறு கஷ்டங்கள் உண்டு. கிளிப் கழன்று கட்டிலடியில் கிடக்கும். பேரன் பட்டனை அமுக்கியிருப்பான். கரண்ட் போய் ஃபேன் நின்று, வியர்வையில் பிளாஸ்டர் உரிந்து, குழாய் கழுத்துக்கு வந்திருக்கும். லேப் என்றால் கதவைத் திறந்து போய் மறுபடி ஒட்டிவிட்டு வருவேன். வீட்டில் அது விடியும் வரை அப்படியே கிடக்கும். நான்கு மணி நேரமாவது உருப்படியான பதிவு இல்லையென்றால் அந்த ராத்திரி வீண். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை, திரும்பக் கொடுத்தனுப்பினால் தீர்ந்தது.

தீராதது வேறு. மெஷின் விற்கிறவர்களே பெட்டியையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவதைப் பார்த்திருக்கிறேன். பரிசோதனை இலவசம். கம்ப்யூட்டர் தானே எண்ணி ஒரு எண் போடும். கோடுகளை ஒரு மனிதக் கண்ணும் பார்க்காது. அந்தி சாய்வதற்குள் மெஷினுக்கு விலை பேசி முடித்திருப்பார்கள். அப்படி வந்த ஒரு ரிப்போர்ட்டின் பதிவை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். குழாய் கழன்று கிடந்த நேரத்தையெல்லாம் மூச்சு நின்ற நேரமாக எண்ணி வைத்திருந்தது. கழன்ற குழாய்க்கும் அடைத்த தொண்டைக்கும் திரையில் ஒரே தட்டைக் கோடுதான். பெல்ட்டையும் ஆக்ஸிஜனையும் சேர்த்துப் பார்க்கிற கண்ணுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. இல்லாததை இருக்கிறது என்பதைவிட, இருப்பதை இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவதுதான் எனக்குப் பயம்.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். 53 வயது, பள்ளி அலுவலகத்தில் வேலை. குண்டு என்று சொல்ல முடியாது. காலையில் தலைவலி, நாளெல்லாம் அசதி, ராத்திரி தூக்கம் வராது. குறட்டையா என்று கேட்டால் "அய்யோ, எனக்கா?" என்பார்கள். பெண்களிடம் இந்தக் கேள்விக்கு நேரான பதில் வராது. பக்கத்தில் படுக்கிறவரைக் கேட்க வேண்டும், அவரோ அசந்து தூங்குகிறவர். அதற்கு முந்தின வருஷம் வேறு ஓரிடத்தில் வீட்டுப் பெட்டி கட்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ராத்திரி தங்குவதற்கு வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் பெட்டிதான் வசதி. எண் 4. ஐந்துக்குக் கீழே, நோய் இல்லை. மாதவிடாய் நிற்கிற வயது, மனக்கவலை என்று மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பழைய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்டி 7 மணி நேரம் ஓடியிருக்கிறது. 28 முறை மூச்சு தடைப்பட்டிருக்கிறது. 28ஐ 7ஆல் வகுத்தால் 4. சரிதான். ஆனால் அன்றைக்கு எப்போது தூங்கினீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு மணி அடிச்சது காதுல விழுந்துச்சு மேடம்." பதினொன்றுக்குப் படுத்தவர் இரண்டு மணி வரை விழித்துக் கிடந்திருக்கிறார். தூங்கியது நான்கு மணி நேரம். 28ஐ 4ஆல் வகுத்தால் 7. நோய் இருக்கிறது! பெட்டிக்கு மூச்சு தெரியும், தூக்கம் தெரியாது. விழித்துக் கிடந்த மூன்று மணி நேரத்தையும் தூக்கக் கணக்கில் போட்டு வகுத்துவிட்டது.

இது பாதிதான். பெண்களுக்கு முழு அடைப்பைவிட அரைகுறை மூச்சு அதிகம், நீளமும் குறைவு. ஆக்ஸிஜன் இறங்குவதற்குள் மூளை பயந்து எழுப்பிவிடும். ராத்திரி முழுக்க இப்படித் தட்டித் தட்டி எழுப்பினால் அசதியும் தலைவலியும் வராமல் என்ன செய்யும்? ஆனால் அந்த எழுப்பல் மூளை அலையில்தான் தெரியும். மூளை அலையே எடுக்காத பெட்டி, ஆக்ஸிஜன் இறங்காததால் அதை எண்ணவே எண்ணாது. வெளியில் தங்க முடியாத பெண்களுக்குப் பெட்டி ஒரு வரம் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். யாருக்குப் பெட்டி வசதியோ அவர்கள் நோயைத்தான் பெட்டி தவறவிடுகிறது.

அறிகுறி இருந்து பெட்டி 'இல்லை' என்றால் லேபுக்கு அனுப்ப வேண்டும் என்பது எழுதி வைத்த விதி. அந்த அம்மாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. நாங்கள் ஒரு சனிக்கிழமை வரச் சொன்னோம், கணவரும் கூடத் தங்கலாம் என்று சமாதானம் சொல்லி. எண்ணெய் இல்லாத தலையோடு வந்தார்கள். அதற்கே எனக்குச் சந்தோஷம். தாலிச் சங்கிலியை நெஞ்சுப் பெல்ட்டுக்கு மேலே எடுத்துப் போட்டேன். வார இறுதியில் வெளியூர்ப் பையன்கள் பைக்கை முறுக்கிக்கொண்டு போகும் சத்தம் எங்கள் மைக்கில் ஏறும். அது அடங்கப் பன்னிரண்டரை ஆனது.

ஒரு மணிக்கு மைக்கில் குறட்டை தொடங்கியது. பலமான குறட்டை. ஆனால் திரையில் அந்த அம்மாவின் மூக்குக் காற்று அதோடு ஒத்துப்போகவில்லை. மூளை அலையைப் பார்த்தால் முழு விழிப்பு. கேமராவைத் திருப்பினேன். அட்டெண்டர் கட்டிலில் கணவர் வாயைத் திறந்து மல்லாந்து கிடந்தார். குறட்டை போகும், நிற்கும், பத்து, இருபது, முப்பது விநாடி ஒன்றுமே இருக்காது, பிறகு வெடிக்கும். இருபது வருஷமாக இந்தச் சத்தத்தைத் திரையில் பார்க்கிற எனக்கு ஒயர் தேவைப்படவில்லை. அந்த அம்மா இருட்டில் கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்; அடுத்த மூச்சு வருகிறதா என்று.

அவரை மெல்ல எழுப்பி வெளியே வரவேற்பு சோபாவுக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு அந்த அம்மா நாலரை மணி நேரம் தூங்கினார்கள். மணிக்கு 24. கனவுத் தூக்கத்தில் மட்டும் எடுத்தால் அதைப்போல இரண்டு மடங்கு. ஆக்ஸிஜன் பெரிதாக இறங்கவே இல்லை.

காலையில் பேஸ்ட்டைத் துடைத்துக்கொண்டே கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "நானா? நான் படுத்தா கல்லு மாதிரி தூங்குவேன் மேடம்" என்றார். டாக்டர் அவருக்குப் பெட்டி எழுதினார். அவரைப் போன்ற ஆளுக்கு அது போதும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டு நாள் கழித்து இருவரும் பெட்டியோடு வந்தார்கள். ஒரு இடத்திலும் அறுபடாத பதிவு. கிளிப் நகரவில்லை, குழாய் விலகவில்லை. வீட்டுப் பதிவு இத்தனை சுத்தமாக வந்ததே இல்லை என்று பாராட்டினேன்.

"எப்படி வராம இருக்கும்? கழண்டுடப்போவுதுன்னு நான்தான் விடிய விடிய உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார்கள் அந்த அம்மா.

அவருடைய எண் 38. மெஷின் விலையை விசாரித்தார்கள். இரண்டு வாங்க இப்போது முடியாது என்று கணவர் கையைப் பிசைந்தார். அந்த அம்மா யோசிக்கவே இல்லை.

"அவருக்கே முதல்ல வாங்கிடலாம் மேடம். அவரு சத்தம் நின்னுட்டா நானும் தூங்கிடுவேன்ல?"

உங்கள் எண் 24 என்று அவர்களுடைய ரிப்போர்ட்டை மறுபடியும் எடுத்து, அந்த வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.